ஸ்விட்ச் திரையைப் பெரிதாக்கும் வீட்டுப் புரொஜெக்டர்: அளப்பதிலிருந்து ஆடுவது வரை

நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற, கையில் பிடித்து ஆடும் விளையாட்டுக் கொன்சோலின் திரையை ஒரு பூதக்கண்ணாடியால் பெரிதாக விழுத்தும் இந்த வேலையில் பெட்டி வெட்டுவது கிட்டத்தட்டக் கடைசிப் படி. புதிதாகத் தொடங்கும் பெடியள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து, பூதக்கண்ணாடி அளவுக்கு வட்டம் வெட்டி, கொன்சோலை உள்ளே வைத்து, சுவரில் மங்கலாக ஏதோ ஒன்று தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, இது சரிவராது என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். பெட்டியில் பிழை இல்லை. லென்ஸை அளக்கவில்லை, படம் எந்தப் பக்கம் புரளும் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்பார்ப்பையும் இப்போதே சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட மண்டபத்துப் புரொஜெக்டர் போலச் சுவர் நிறையப் படம் வராது. அதற்குள் சக்தி வாய்ந்த விளக்கு இருக்கிறது, நம்முடைய பெட்டியில் விளக்கே இல்லை, கொன்சோல் திரை விடும் வெளிச்சம் மட்டும்தான். நல்ல இருட்டில், அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூடிய அகலத்தில், மூன்று நாலு பேர் கிட்ட இருந்து ஆடக்கூடிய படம் கிடைக்கும். வன்னியில் இரவு எட்டு மணிக்குப் பிறகு இருட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் நமக்கு அது போதும்.

1. உங்கள் கொன்சோல் இதற்குப் பொருந்துமா

லென்ஸ் படத்தைத் தலைகீழாக்கும் என்பதால் கொன்சோல் பெட்டிக்குள் தலைகீழாக நிற்கப் போகிறது. அதனால் அதன் உடலில் இருக்கும் பொத்தான்களை அமத்தி ஆட முடியாது, தனியாகக் கையில் பிடிக்கிற கொன்ட்ரோலர் ஒன்று கட்டாயம் வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால் இரண்டு பக்கத்திலும் மாட்டியிருக்கும் ஜோய்கொன் என்ற சின்னக் கொன்ட்ரோலர்கள் கழரும், கவலை இல்லை. ஸ்விட்ச் லைட் என்ற சின்ன மொடலில் கழராது, ஆனால் வயர்லெஸ் கொன்ட்ரோலரைத் தனியாக இணைக்கலாம்.

உண்மையில் லைட் வைத்திருப்பவருக்குத்தான் இந்தப் பெட்டி அதிகம் உதவும், ஏனென்றால் அதை ரிவியில் இணைக்க வழியே இல்லை. சாதாரண ஸ்விட்சும், அதை ரிவியோடு இணைக்கும் டொக் என்ற தாங்கியும், வீட்டில் ரிவியும் இருந்தால் நேராக ரிவியில் இணையுங்கள், படம் எவ்வளவோ நன்றாக இருக்கும். ரிவி இல்லாத வீடு, அல்லது இரவுச் செய்தியும் நாடகமும் முடியும் வரை ரிவி கிடைக்காத வீடு என்றால் மேலே படியுங்கள். சோனியின் பழைய பிஎஸ்பி போன்ற கைக் கொன்சோல்கள் படம் பார்க்க மட்டும் சரி, ஆட வேண்டாம்.

திரையின் அகலத்தை, சட்டத்தை விட்டுவிட்டு, அளந்து எழுதிவையுங்கள். 6.2 அங்குல ஸ்விட்சுக்கு அது சுமார் 13.7 செ.மீ., 7 அங்குல ஓலெட் மொடலுக்கு 15.5, லைட்டுக்கு 12.2. இனி வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது.

2. லென்ஸ் வாங்குவதும் அளப்பதும்

தேவை, 9 முதல் 10 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிப் பூதக்கண்ணாடி. பிளாஸ்டிக்கில் சீக்கிரம் கீறல் விழும். கைப்பிடியில் எழுதியிருக்கும் 'பத்து மடங்கு', 'இருபது மடங்கு' என்பதை நம்பாதீர்கள். நமக்கு வேண்டியது விட்டமும், தூரத்துப் பொருளின் படம் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளித் தெளிவாக விழுகிறது என்ற குவியத் தூரமும் மட்டுமே. குவியத் தூரம் 18 செ.மீ.க்குக் குறைந்தால் படத்தின் மூலைகள் கரைந்துபோகும், 30 செ.மீ.க்குக் கூடினால் பெட்டி நீண்டு, வெளிச்சமும் குறையும். 20 முதல் 25 வரை இருப்பதை எடுங்கள்.

கடையிலேயே அளக்கலாம். வாசலுக்கு எதிரே உள்ளே இருக்கும் சுவருக்கு முன் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே தூரத்தில் நிற்கும் பனையோ கடைப் பலகையோ சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தை அளந்தால் அதுதான் குவியத் தூரம். வெயிலில் சூரியனைக் குவித்து அளக்காதீர்கள். பள்ளியில் அப்படிச் செய்து காட்டியிருப்பார்கள், ஆனால் கோடையில் காய்ந்த சருகும் கிடுகும் கிடக்கிற முற்றத்தில் அது நெருப்பு வைக்கிற வேலை.

ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கிற லென்ஸ் என்றால் தட்டைப் பக்கம் கொன்சோலைப் பார்க்க வேண்டும். மாறி வைத்தால் ஓரங்கள் கூடுதலாக மங்கும். இரு பக்கமும் ஒரேமாதிரிக் குவிந்திருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

புத்தகப் பக்கத்தின் மேல் வைத்து வாசிக்கிற தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ் தாள் பெரிதாக இருப்பதால் வெளிச்சம் அதிகம் வரும். அதைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் பலர். எழுத்தெல்லாம் புகை படிந்ததுபோல் வரும், ஸ்கோரை வாசிக்க முடியாது. கண்ணாடி லென்ஸே நல்லது.

3. எத்தனை மடங்கு பெருக்குவது

இங்கேதான் ஆசை கெடுக்கும். படத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் அதே வெளிச்சம் நாலு மடங்கு பரப்பில் பரவ வேண்டும், படம் அந்தளவுக்கு மங்கும். என்னுடைய கணிப்பில் ஸ்விட்சுக்கு நாலு மடங்கு, லைட்டுக்கு நாலரை, ஓலெட்டுக்கு மூன்றரை. மூன்றிலும் படம் ஏறக்குறைய 55 செ.மீ. அகலம், 31 செ.மீ. உயரம் வரும். அந்த அளவை நான் சும்மா சொல்லவில்லை, ஏ2 தாள் ஒன்றில் அது அப்படியே அடங்கும், ஐந்தாம் படியில் அது உதவும்.

கணக்கு இரண்டு வரி. குவியத் தூரத்தை மடங்கால் வகுத்து, வந்ததைக் குவியத் தூரத்தோடு கூட்டினால் கொன்சோலுக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரம். மடங்கோடு ஒன்றைக் கூட்டி, குவியத் தூரத்தால் பெருக்கினால் லென்ஸுக்கும் படம் விழும் இடத்துக்கும் இடையிலான தூரம்.

20 செ.மீ. லென்ஸும் நாலு மடங்கும் என்றால் கொன்சோல் 25 செ.மீ. பின்னால், படம் 100 செ.மீ. முன்னால். 25 செ.மீ. லென்ஸ் என்றால் 31, 125. சாதாரண தரம் விஞ்ஞானத்தில் குவிவு வில்லை படித்தவர்களுக்கு இது பழைய கணக்குத்தான்.

4. பெட்டி இல்லாமல் மேசையில் ஒத்திகை

இரவில், எல்லா லைற்றையும் அணைத்துவிட்டு, கொன்சோலுக்குப் பதில் ஒரு ஃபோனை வைத்துப் பாருங்கள். ஃபோனைப் புத்தகங்களுக்கு இடையில் நிமிர்த்தி, லென்ஸை ஒரு களிமண் உருண்டையில் குத்தி நிறுத்தி, கணக்கில் வந்த தூரங்களில் வைத்துச் சுவரில் படம் விழுகிறதா என்று பாருங்கள். பெட்டி வெட்டிய பிறகு அளவு பிழைத்தால் பெட்டி வீண். மேசையில் பிழைத்தால் புத்தகத்தை நகர்த்தினால் போதும்.

ஃபோன் திரையில் 'ட' என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டு வையுங்கள். 'ப' வேண்டாம், அது இடம் வலம் மாறினாலும் 'ப' போலவே தெரிந்து உங்களை ஏமாற்றிவிடும்.

இப்போது சுவரில் 'ட' தலைகீழாக விழும். ஃபோனைத் தலைகீழாக்கினால் படம் நிமிரும், ஆனால் எழுத்து இடம் வலம் மாறிக் கண்ணாடியில் பார்ப்பதுபோல நிற்கும். பெரும்பாலானோர் வேலையைக் கைவிடும் இடம் இதுதான், அல்லது இன்னும் மோசம், கவனிக்காமல் பெட்டியைச் செய்து முடித்துவிட்டு ஆடத் தொடங்கும்போதுதான் வலப்பக்கம் தள்ளினால் கார் இடப்பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

காரணம் எளிது. கொன்சோலின் முகம் சுவரைப் பார்க்கிறது, நீங்களும் சுவரைப் பார்க்கிறீர்கள். திரையை அதன் முதுகுப் பக்கமிருந்து பார்ப்பதற்குச் சமமான நிலையில் இருக்கிறீர்கள். லென்ஸ் மேல் கீழையும் இடம் வலத்தையும் சேர்த்துத்தான் திருப்பும், ஒன்றை மட்டும் திருப்பாது. ஆகவே கொன்சோலை எப்படிச் சுழற்றினாலும் சுவரில் எழுத்து நேராக வராது.

தீர்வு இரண்டு. லென்ஸுக்கு முன்னால் 45 பாகையில் ஒரு முகக்கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்பலாம். ஆனால் வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால் முன் பரப்பிலும் ஒரு மெல்லிய பிரதிபலிப்பு உண்டாகி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் கோடு வரும். முன்பக்கப் பூச்சுள்ள கண்ணாடி நம் பக்கம் தேடி எடுப்பது கஷ்டம்.

மற்ற வழிதான் எனக்குப் பிடித்தது. சுவரை விட்டுவிட்டு ஒளி கசியும் தாளில் படத்தை விழுத்தி, அதன் மறுபக்கம் உட்கார்ந்து பாருங்கள். இடம் வலம் தானாகச் சரியாகிவிடும், செலவும் குறைவு, பெட்டி பார்ப்பவர்களின் கால்களுக்கு நடுவில் வராமல் தாளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும்.

5. பார்க்கும் திரை

ஏ2 அளவு ட்ரேசிங் பேப்பர் வாங்குங்கள். வீட்டுப் பிளான் கீறுபவர்கள் பாவிக்கிற தாள் அது, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பெரிய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மரச் சட்டமொன்று அடித்து, தாளை நாலு பக்கமும் இழுத்து ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் அந்த இடத்தில் படம் நெளியும்.

வெள்ளை வேட்டியைக் கட்டினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டலாம், ஆனால் மெல்லிய வேட்டியில் நெசவு இடைவெளி வழியாக லென்ஸே பளிச்சென்று ஒரு பொட்டாகக் கண்ணில் குத்தும், படத்தின் நடுப்பகுதி மட்டும் வெளிச்சமாகவும் ஓரம் இருட்டாகவும் தெரியும். வேட்டிதான் கையில் இருக்கிறது என்றால் கஞ்சி போட்டு மடிப்பு நீங்க ஸ்திரி செய்து, நன்றாக இழுத்துக் கட்டுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெளித்திண்ணையில் துணி நிற்காது, தாளும் சட்டமும்தான்.

6. கொன்சோலை நிறுத்தும் தாங்கி

இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள், கொன்சோல் பழுதானால் மற்றதெல்லாம் வீண்.

ஸ்விட்சின் சூடான காற்று மேல் விளிம்பில் உள்ள துவாரங்கள் வழியாக வெளியேறுகிறது, குளிர்ந்த காற்று முதுகுப் பக்கமிருந்து உள்ளே போகிறது. தலைகீழாக வைத்தால் அந்த மேல் விளிம்பு கீழே வந்துவிடும். அப்படியே பெட்டியின் அடியில் நிறுத்தினால் மூச்சை அடைத்ததுபோல் ஆகும். பவர் பொத்தானும் சத்தப் பொத்தான்களும் ஹெட்ஃபோன் துளையும்கூட அதே விளிம்பில்தான், ஆகவே பாரம் அவற்றில் விழக்கூடாது.

பழைய றப்பர் செருப்பின் அடியிலிருந்து 3 செ.மீ. உயரம் வரும்படி இரண்டு கால்கள் வெட்டுங்கள். கொன்சோலை ஒரு மட்டையின் மேல் பிடித்து, பொத்தான், துவாரம், துளை எங்கெங்கே வருகிறது என்று பென்சிலால் குறித்து, அவை இல்லாத இடங்களுக்கு நேரே கால்களை ஒட்டுங்கள். லைட்டில் தோள் பொத்தான்களும் அந்த விளிம்பின் இரு முனைகளில் இருப்பதால் முனையில் கால் வைக்கக்கூடாது.

பின்னால் சாய்வதற்கு ஒரு பலகைத் துண்டு, காற்றுப் போகும் இடத்துக்கு நேரே அதில் ஒரு சாளரம். சைக்கிள் ரியூபை வளையமாக வெட்டி, பொத்தான் அமுங்காத இடமாகப் பார்த்து, கொன்சோலைப் பலகையோடு சேர்த்துக் கட்டினால் அசையாது. சார்ஜ் துளை கீழ் விளிம்பில் இருப்பதால் அது இப்போது மேலே வரும், வயரைச் செருகுவது சுலபம். கரண்ட் இல்லாத இரவில் பவர் பாங்க் போதும்.

கொன்சோல் பாவிக்கக்கூடிய சூழல் வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று நின்டெண்டோ சொல்கிறது. வைகாசி மாதத்துப் பகலில் தகரக் கூரை வீட்டுக்குள் அது தாண்டிவிடும், மூடிய பெட்டிக்குள் இன்னும் கூடும். இரவு மட்டும் ஆடுங்கள்.

7. இப்போதுதான் பெட்டி

உள் அகலம் குறைந்தது 24 செ.மீ. இருக்கட்டும். நீளம், மூன்றாம் படியில் வந்த கொன்சோல் தூரத்தோடு பின்னால் காற்றுக்கு 6 செ.மீ. கூட்டி. காட்போட் பெட்டி முதல் தடவைக்குப் போதும், ஆனால் மாரி தொடங்கியதும் ஈரத்தில் தொய்ந்து லென்ஸ் சரியும் என்பதால் தொடர்ந்து ஆடப்போகிறவர்கள் மெல்லிய பலகையில் செய்யுங்கள்.

உட்புறம் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும், மினுங்காத கறுப்பு. கொன்சோலின் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுகிறது, பெட்டிச் சுவரில் பட்டுத் திரும்பி லென்ஸ் வழியாக வெளியேறினால் படத்தின் கறுப்பு சாம்பலாகிவிடும். மினுங்கும் பெயின்ற் அடித்துவிட்டு ஏன் படம் வெளிறுகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டினாலே காணும்.

லென்ஸை நேராகப் பெட்டியில் ஒட்டாதீர்கள். 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை, சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு, வாங்கி அதன் முனையில் லென்ஸைப் பொருத்துங்கள். ஹாட்வெயார் கடைக்கு லென்ஸையும் கொண்டுபோய் இறுக்கமாகப் பொருந்துகிற குழாயாகப் பார்த்து எடுங்கள், குழாயின் தடிப்பு ஒன்றுக்கொன்று மாறும். பெட்டியின் முன்பக்கத்தில் குழாய் இறுக்கமாக வழுக்கிப் போகும்படி வட்டம் வெட்டி, மட்டையால் ஒரு கழுத்து ஒட்டினால், குழாயை முன்பின் நகர்த்திப் படத்தைத் தெளிவாக்கலாம். கொன்சோலை நகர்த்தித் தெளிவாக்க முயன்றால் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்க வேண்டும்.

லென்ஸின் நடுப்புள்ளியும் திரையின் நடுப்புள்ளியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். செருப்புக் கால் 3 செ.மீ. தூக்கியிருப்பதை மறந்துவிட்டு வட்டம் வெட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை, ஆகவே தாங்கியில் கொன்சோலை நிறுத்தி, தரையிலிருந்து திரையின் நடு எவ்வளவு என்று அளந்த பிறகே வெட்டுங்கள்.

காற்றுக்கு, அடியில் இரண்டு துளைகளும் மேலே பின்பக்கமாக இரண்டும். பெட்டிக்குக் கீழே இரண்டு சலாகை வைத்து நிலத்திலிருந்து தூக்கினால்தான் அடித்துளை வேலை செய்யும். மேல் துளையிலிருந்து வெளிச்சம் கசியாமல் ஒரு மட்டைத் துண்டைக் கூரைபோல் மடித்து ஒட்டுங்கள். துளைகளுக்கு நுளம்பு வலைத் துண்டும் ஒட்டிவிடுங்கள். மழைக்குப் பிந்திய இரவுகளில் ஈசல் வெளிச்சத்தைத் தேடி உள்ளே போய்த் திரையில் உட்கார்ந்தால், தாளில் அது கோழி முட்டை அளவுக்கு ஊரும்.

8. மூடுவதற்கு முன் செற்றிங்ஸ்

பெட்டியை மூடிவிட்டுத் தடவித் தேட வேண்டாம், இதெல்லாம் முன்னதாக. திரை வெளிச்சத்தைத் தானாக மாற்றும் வசதியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இருட்டுப் பெட்டிக்குள் போனதும் கொன்சோல் இது இரவு என்று நினைத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பிறகு வெளிச்சத்தை உச்சத்தில் வையுங்கள். தானாகத் தூங்கும் நேரத்தையும் நிறுத்துங்கள்.

பற்றறி மிச்சம் பிடிக்க ஏரோபிளேன் மோட் போடுபவர்கள் உண்டு. அதைப் போட்டால், கொன்ட்ரோலருக்கான புளூடூத்தைத் தனியாக மறுபடி இயக்காவிட்டால், கழற்றிய ஜோய்கொன்னும் வேலை செய்யாது.

சத்தம் பெட்டிக்குள் அமுங்கும். 2021 செப்டெம்பரில் வந்த அப்டேற்றிலிருந்து ஸ்விட்ச் புளூடூத் ஸ்பீக்கரை ஏற்கிறது, ஆனால் அப்படி இணைத்தால் வயர்லெஸ் கொன்ட்ரோலர் இரண்டுக்கு மேல் இணைக்க முடியாது. ஜோய்கொன் சோடியே இரண்டு என்று கணக்காகும். நாலு பேர் ஆடுவதானால் வயர் ஸ்பீக்கர்தான், ஹெட்ஃபோன் துளை கீழே இருப்பதால் வளைந்த முனையுள்ள வயராக எடுங்கள்.

9. நேராக்குவதும் தெளிவாக்குவதும்

கொன்சோல் திரை, லென்ஸ், தாள் மூன்றும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க வேண்டும். பெட்டி கொஞ்சம் திரும்பினாலும் படம் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் குறுகிச் சரிவகம்போல் ஆகும், ஒரு பக்கம் தெளிந்தால் மறுபக்கம் மங்கும். பெட்டியின் இரு முன் மூலைகளிலிருந்தும் தாள் வரைக்கும் நூல் பிடித்துச் சமமா என்று பாருங்கள்.

அதன் பிறகு, எழுத்து உள்ள மெனு ஒன்றைத் திறந்து வைத்துக் குழாயை நகர்த்துங்கள். நடுவில் உள்ள எழுத்தை வைத்துத் தெளிவாக்காதீர்கள், நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதியில் உள்ள எழுத்தை வைத்துத் தெளிவாக்கினால் முழுப் படமும் ஓரளவு சமமாக இருக்கும். ஒற்றை லென்ஸில் நாலு மூலையும் கூராக வராது.

மூலை மங்கல் தாங்கவில்லை என்றால் லென்ஸுக்கு முன் 6 செ.மீ. துளையுள்ள கறுப்பு மட்டை வளையம் வைக்கலாம். 9 செ.மீ. லென்ஸின் வெளிச்சம் பாதிக்கும் குறைவாகிவிடும், அதனால் ஆட்டத்துக்கு நான் வைப்பதில்லை, எழுத்து வாசிக்கும்போது மட்டும்.

விளையாட்டைத் தெரிவு செய்வதும் முக்கியம். வெளிர் நிறங்களும் பெரிய உருவங்களும் உள்ள கார் ஓட்டம், பந்து, சண்டை விளையாட்டுகள் நன்றாகத் தெரியும். குகைக்குள் இருட்டில் நடக்கிற கதை விளையாட்டும், பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டியவையும் இந்தப் பெட்டிக்குச் சரிவராது.

10. படம் சரியில்லை என்றால்

படம் வெளிறியிருந்தால் முதலில் வேறு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தகரக் கூரையின் ஆணி ஓட்டை, பக்கத்து வீட்டு சோலர் லைற், சார்ஜரின் சின்ன நீல விளக்குகூடக் காணும். பௌர்ணமி அன்று முற்றத்தில் வைத்தால் நிலவே படத்தைக் கழுவிவிடும், அன்றைக்கு உள்ளே எடுங்கள்.

குழாயை எவ்வளவு நகர்த்தினாலும் தெளியவில்லை என்றால் பெட்டிக்கும் தாளுக்கும் இடையிலான தூரத்தை மீண்டும் அளந்து பாருங்கள், யாராவது கதிரையை இழுக்கும்போது சட்டம் நகர்ந்திருக்கும். படம் முழுக்கப் புகைபோல இருந்தால் அது லென்ஸில் விரல் அடையாளம் அல்லது மாரி ஈரம், மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள்.

ஆடி முடிந்ததும் கொன்சோலை வெளியே எடுத்துவிட்டு, குழாயின் வாயை ஒரு மூடியால் மூடுங்கள். யன்னலோரம் மூடாமல் விட்ட பெட்டிக்குள் காலை வெயில் நேராக விழுந்தால் லென்ஸ் அதை உள்ளே குவித்து மட்டையைக் கருக்கும், கொன்சோல் உள்ளே இருந்தால் திரையையும்.